டப்பாவோட ஒரு கிலோ நாப்பத்தஞ்சு

ஏனுங்க தம்பி, மணி என்னாச்சுங்க? ஒன்னு அம்பதா? இப்பத்தானுங்க பாத்தேன், ஒன்னு நாப்பத்தஞ்சுன்னு இருந்துச்சு. ரெண்டே காலுக்குத்தான் மறுபடி கோர்ட்டு கூடுமாமா. சித்தெ நகந்து ஒக்காருங்க, இந்தக் கட்டைப்பையை நடுவால வெச்சுக்கறேன். கீழ வெக்க முடியாதுங்க, உள்ள தராசு இருக்குது. எலட்ரிக் தராசு. ஆமாங்க, கோர்ட்டுக்குத் தராசோட வந்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன். சம்மன்லயே போட்டிருந்தாங்க, 'எடை இயந்திரத்துடன் ஆஜராக வேண்டியது'ன்னு. பஸ்ஸுல கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் போடோணும்கறான். கோர்ட்டு சாமானுக்கு லக்கேஜாங்கன்னு கேட்டதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

பலகாரம் எடுத்துக்கங்க. மைசூர்பாகு, நம்ம கடைதான். அட, கூச்சப்படாதீங்க. உள்ள இருக்கற கிளார்க்குக்குன்னு ஒரு கிலோ டப்பா கொண்டாந்தேன், அவுங்க என்னமோ நான் பாம்பைக் கொண்டாந்து நீட்டுன மாதிரி எந்திரிச்சுட்டாங்க. சாட்சிக்காரங்க கையில ஒன்னும் வாங்கப்படாதாமா. எங்க போனாலும் கையில டப்பா இல்லாமப் போய்ப் பழக்கமில்லீங்களே. இன்னொன்னு எடுங்க. டப்பாவை உங்க மடியிலயே வெச்சுக்கங்க, எனக்குக் கை சும்மா இருந்தாத்தான் ஆகும்.

நான் குத்தவாளி இல்லீங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். காலையில இருந்து பாக்கறவனெல்லாம் 'உங்க மேல என்ன கேசு'ன்னு கேக்கறான். நான் சாட்சி. நாச்சிமுத்து இனிப்பகம், ஓலக்காட்டுப்புதூர். கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லீங்களா? சேரி, உங்கூருக்கு அது தூரம். முப்பது வருசக் கடைங்க. கலியாணம், காதுகுத்து, ஒறம்பரை ஊட்டுக்குப் போறது, எதுன்னாலும் நம்ம டப்பாதான் போகோணும்.

குத்தவாளி அங்கெ இருக்கறா பாருங்க. அந்த வேப்பமரத்துக்குக் கீழ, பச்சைச் சீலை, தூக்குப்போசியில தயிர்ச்சோறு தின்னுட்டு இருக்கறாளே, அவதான். மயிலாத்தா. உத்துப் பாக்காதீங்க, அப்பறம் இக்கட்டால நம்ம பக்கந் திரும்பிச் சிரிப்பா. காலையில இருந்து ரெண்டு தடவை சிரிச்சுட்டா. கஞ்சாக் கேசுல நிக்கறவளுக்கு என்னங்க சிரிப்பு?

கஞ்சான்னா நீங்க நெனைக்கற மாதிரி பொட்டலமெல்லாம் இல்லீங்க. முட்டாயி. கஞ்சா போட்டுக் கிண்டுன சாக்லேட்டு. கறுப்பா, புளியங்கொட்டைக்குச் சித்தெ பெருசா, ஒவ்வொன்னையும் சரிகைக் காயிதத்துல மடிச்சு, மேல இந்தியில என்னமோ எழுதி எலை படம் போட்டிருக்குது. வடக்க இருந்து மில்லு வேலைக்கு வர்ற பசங்க கொண்டாருவாங்களாமா. மயிலாத்தா மில்லுப் பக்கத்துல பொட்டிக்கடை வெச்சிருந்தா. பீடி, சோப்பு, வாழப்பழம், அந்த மாதிரி. ஊருக்குப் போற பையன் ஒருத்தன், 'அக்கா இது செரிமான முட்டாயி, எங்காளுக வந்து கேட்டா ஒன்னு ரெண்டு குடுங்க'ன்னு ஒரு பை குடுத்துட்டுப் போயிட்டான். இவ வாங்கி வெச்சுக்கிட்டா. அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது, இந்திய எங்கெ படிக்கறது.

இதெல்லாம் அவ சொன்னதுதானுங்க. நெசமோ பொய்யோ எனக்கென்ன தெரியும். நான் எடை போட்டவன்.

போன தீவாளிக்கு முந்துன தீவாளி. அது முடிஞ்சு ஒரு வாரம் இருக்குமுங்க. மத்தியானம் கடையில ஈயோட்டிட்டு ஒக்காந்திருக்கறேன், ஒரு போலீஸ்காரர் வந்து, 'எஸ்.ஐ. கூப்படறாரு, தராசை எடுத்துட்டு வாங்க'ன்னாரு. போனேன். மயிலாத்தா கடைக்கு முன்னால கூட்டம். எஸ்.ஐ. நிக்கறாரு. பலகை மேல ஒரு டப்பா. என்ற கடை டப்பா! செகப்புல மஞ்சள் எழுத்து, நாச்சிமுத்து இனிப்பகம், போன் நம்பரோட. தீவாளிக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிட்டுப் போனவ, தின்னுபோட்டு டப்பாவைத் தொடச்சு வெச்சு, அதுல இந்தக் கருமத்தைக் கொட்டி வெச்சிருக்கறா.

ஏன்னா அந்த டப்பாவைத் தூக்கி வீச மனசு வராதுங்க. அவ்வளவு கெட்டி. சிவகாசியில சொல்லிச் செஞ்சது. 'அடி அட்டை ரெட்டையா வெச்சுருங்க'ன்னு நான்தான் சொன்னேன். வெறும் டப்பாவே நூத்திப்பத்துக் கிராம் நிக்கும். ஊருல பாதிப் பேரு ஊட்டுல ஊசி நூலு, ரேசன் கார்டு, மாத்தர எல்லாம் என்ற டப்பாவுலதான் இருக்குது. அப்படியொரு டப்பா.

மணி என்னங்க? ரெண்டுதானா?

எஸ்.ஐ. சொன்னாரு, 'எடை போடுங்ணா'ன்னு. தராசை வெச்சேன், டப்பாவை எடுத்து மேல வெச்சேன். ஒரு கிலோ நாப்பத்தஞ்சு கிராம். எஸ்.ஐ. முகத்தைப் பாக்கோணுமே நீங்க! 'ஒரு கிலோவுக்கு மேலங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க'ன்னாரு. 'நாப்பத்தஞ்சு எச்சுங்க'ன்னேன். எடை எச்சா நின்னா சந்தோசப்படற மொத ஆளை அன்னிக்குத்தானுங்க பாத்தேன். நம்ம கடையில எச்சா நின்னா, 'அந்த ஒரு துண்டை எடுத்துருங்க'ன்னுதான் சொல்லுவாங்க.

எழுதுனாங்க. 'மகஜர்'னு பேரு. இன்ன எடத்துல, இன்ன நேரத்துல, இன்னாரு முன்னால, இன்ன சாமான் கெடச்சுது, இத்தனை எடைன்னு. கீழ கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். அவ்வளவுதானுங்க நான் செஞ்சது.

அதுக்கு நான் பட்ட பாடு! மறுநாள் பேப்பர்ல போட்டோ. நாலு போலீஸ்காரங்க வெரப்பா நிக்கறாங்க, முன்னால மேசை, மேசை மேல என்ற டப்பா. பேரு பளிச்சுனு தெரியுது. கீழ, 'கஞ்சா சாக்லேட் பறிமுதல்'. என்ற மச்சான் பெங்களூர்ல இருந்து போன் போடறான், 'மாமா உங்களையா புடிச்சாங்க'ன்னு. ஒரு கலியாணப் பார்ட்டி, எழுவது டப்பா சொன்னவிய, வேண்டாம்னுட்டாங்க. முக்குல பேக்கரி வெச்சிருக்கறானே ரங்கசாமி, கடைக்கு வர்றவங்ககிட்டெயெல்லாம், 'அங்கெ வாங்கித் தின்னா சிரிச்சுட்டே இருக்கலாமாமா'ன்னு எகத்தாளம். முப்பது வருசம் சேத்த பேரு தம்பி. ஒரு போட்டோல போயிருச்சு. மயிலாத்தா எழுவது நாளு செயில்ல இருந்துட்டு ஜாமீன்ல வந்துட்டா. எனக்கு யாருங்க ஜாமீன் குடுக்கறது?

ஒன்னுமில்லீங்க, இது ஸ்டிக்கர். தராசு மேல புள்ளயாரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், அதைத்தான் சொரண்டிட்டு இருக்கேன். வெயில்ல எளகியிருக்குது. கையி சும்மா இருக்க மாட்டீங்குது. நீங்க பலகாரத்தைத் தின்னுங்க.

இந்தக் கேசுல வெசயம் என்னன்னா, ஒரு கிலோங்க. காலையில இருந்து இந்த வராண்டாவுல நின்னு நின்னு நானே பாதி வக்கீல் ஆயிட்டேன். ஒரு கிலோவுக்குள்ள இருந்தா சின்ன அளவு. அதிகமாப் போனா ஒரு வருசம், இல்லாட்டி அபராதம், ரெண்டுல ஒன்னோட போயிரும். மொதத் தடவைன்னு சொன்னா இருந்த எழுவது நாளையே கணக்குப் பண்ணி, 'போம்மா'ன்னு தாட்டி விட்டாலும் விட்டுருவாங்களாமா. ஒரு கிலோவைத் தாண்டுச்சுன்னு வைங்க, பத்து வருசம் வரைக்கும் போகும். அவளுக்கு அம்பத்தி மூணு வயசு. ஒத்தைப் புள்ள, அதுவும் இப்ப ஏழு மாசம் முழுகாம இருக்குதாமா. அதெல்லாம் எனக்கெதுக்குங்க.

அவளுக்கு வந்திருக்கறது இலவச வக்கீல். சின்னப் பொண்ணு, இருவத்தஞ்சு இருவத்தாறு இருக்கும். கோட்டு தோள்ல நிக்க மாட்டீங்குது. ஆனா வாயி! நாலு வழியில முட்டிப் பாத்துச்சு. மொதல்ல, 'சோதனை போடறப்ப பெரிய ஆப்பீசர் முன்னால போடுங்கன்னு கேக்க அவளுக்கு உரிமை இருக்குது, அதைச் சொல்லலை'ன்னுச்சு. ஜட்ஜய்யா, 'அது அவ மேலுல தடவிப் பாத்தாத்தாம்மா, இது கடைப் பலகையில இருந்தது'ன்னுட்டாரு. அப்பறம், 'அவளுக்குத் தெரியாது, செரிமான முட்டாயின்னு நெனச்சா'ன்னுச்சு. நல்ல வாதந்தானுங்க. ஆனா இந்தச் சட்டத்துல சாமான் உன்ற கையில இருந்துச்சுன்னாலே உனக்குத் தெரியும்னுதான் எடுத்துக்குவாங்களாமா. தெரியாதுன்னு அவதான் நிரூபிக்கோணும். ஜட்ஜய்யா மொதல்ல குத்தத்தைப் படிச்சுக் கேட்டப்ப இந்த மயிலாத்தா என்ன சொல்லி வெச்சிருக்கறா தெரியுங்களா? 'நானும் மேலுவலிக்கு ஒன்னு தின்னேனுங்க, சாயங்காலம் வரைக்கும் ஒரே சிரிப்பு, அப்பறம் நல்லாத் தூக்கம்'னு. வெகுளின்னா இப்படியுமா இருப்பாங்க? கவர்மெண்டு வக்கீல் அதைப் புடிச்சுக்கிட்டாரு. தின்னவளுக்குத் தெரியாதான்னு.

மூணாவதா அந்தப் பொண்ணு ஒன்னு சொல்லுச்சு பாருங்க, நானே அசந்துட்டேன். 'முட்டாயில கஞ்சா துளியூண்டுதான், மீதியெல்லாம் சக்கரை, கோகோப் பவுடரு, நெய்யி. கஞ்சாவை மட்டும் எடை போட்டா நூறு கிராம் வராது'ன்னு. எனக்குச் சேரின்னு பட்டுதுங்க, நானும் கிண்டறவன்தானே. ஆனா சட்டம் ஒத்துக்காதாமா. கலந்துட்டா எல்லாமே அதுதான். சக்கரை, நெய்யி எல்லாத்தையும் ஒட்டுக்காத்தான் எடை போடோணுமாமா. மேல் கோர்ட்டுலயே சொல்லிப்போட்டாங்களாமா.

பாத்துக்கங்க தம்பி. சட்டமே ஒட்டுக்காத்தான் எடை போடுது! நான் போட்டா மட்டும் குத்தமுங்களா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சேரி, சொல்றேன். நாலாவது அதுதானுங்க. நான். அந்தப் பொண்ணு மகஜரை எடுத்து வெச்சுக்கிட்டு, 'எடை டப்பாவோடவா, டப்பா இல்லாமயா'ன்னு இதுல போடலைன்னு புடிச்சிருக்குது. மறுபடி எடை போட்டுப் பாக்கலாம்னா சாமானே இல்லீங்க. சித்திரை வெயில்ல ஸ்டேசன்ல வெச்சிருந்தது கூழாட்ட எளகிப்போச்சு. மாதிரி மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு, கோர்ட்டு உத்தரவு வாங்கி டப்பாவோட எரிச்சுட்டாங்க. இனி இந்தக் கேசுல எடைன்னு ஒன்னு இருந்தா அது என்ற வாயில மட்டுந்தான் இருக்குது. அதுக்குத்தான் தராசோட வரச் சொல்லியிருக்கறாங்க.

காலையில கூண்டுல ஏத்துனாங்க. கவர்மெண்டு வக்கீல் கேட்டாரு. போனீங்களா, போனேன். எடை போட்டீங்களா, போட்டேன். எவ்வளவு, ஒரு கிலோ நாப்பத்தஞ்சு. இது உங்க கையெழுத்துங்களா, ஆமாங்க. அதோட முடிஞ்சுதுங்க. அவரு ஒக்காரப் போயிட்டாரு. நான் திரும்பறேன், பின்னால பெஞ்சுல யாரு இருக்கறான்னு பாக்கறீங்க? ரங்கசாமி! பேக்கரி ரங்கசாமி. அவனுக்கு இங்கெ என்னங்க சோலி? என்ற பொழப்பு சிரிப்பாச் சிரிக்கறதைப் பாக்கறதுக்குன்னே பஸ் ஏறி வந்திருக்கறான். அவனைப் பாத்த ஒடனே எனக்குள்ள என்னமோ ஆயிருச்சு. யாரும் கேக்கலீங்க. நானாத்தான் சொன்னேன். 'டப்பா எடையைக் கழிச்சுத்தானுங்கய்யா போட்டேன்'னு.

ஜட்ஜய்யா டைப் அடிக்கற பையனைப் பாத்து, 'அதையும் போட்டுக்க'ன்னாரு.

அந்த வக்கீலம்மா எந்திரிச்சு என்னைய ஒரு பார்வை பாத்துச்சுங்க. கோவமெல்லாம் இல்லை. பரிச்சையில காப்பி அடிக்கறவனை டீச்சரு பாக்கற மாதிரி. 'குறுக்கு விசாரணை மத்தியானம் வெச்சுக்கறேங்கய்யா, தராசு இங்கெயே இருக்கட்டும்'னுச்சு. நான் விடுவேனுங்களா, தராசு என்றது, சாப்பாட்டு நேரத்துக்கு நானே வெச்சுக்கறேன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

வாயி சும்மா இருந்திருக்கலாம். ஆனா நீங்களே சொல்லுங்க, டப்பாவோட சேத்துப் போட்டேன்னு அத்தனை பேரு முன்னால எப்படிங்க சொல்றது? ரங்கசாமி அடுத்த பஸ்ஸுலயே போயி ஊரெல்லாம் தமுக்கடிச்சிருவான். 'அப்ப நமக்கும் முப்பது வருசமா அப்படித்தான போட்டிருப்பான்'னு கேக்க மாட்டாங்களா? எடை ஆப்பீசரு வந்து கடைக்கு சீல் வெப்பாரு. அப்படிப் போடாத கடை எங்கெ இருக்குதுங்க? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லச் சொல்லுங்க. அன்னிக்கு எஸ்.ஐ. என்னைய டப்பாவோட போடுன்னு சொல்லலை. அதையும் நான் சொல்லோணும். அவரு 'போடுங்ணா'ன்னாரு, என்ற கையி தானா டப்பாவைத் தூக்கி வெச்சுருச்சு. முப்பது வருசமா அந்தக் கையிக்கு வேற ஒன்னும் தெரியாதுங்க.

இந்த ஸ்டிக்கர் கேட்டீங்களே. கேக்கலையா? சேரி, கேட்ட மாதிரித்தான் பாத்தீங்க. தராசுல அஞ்சு பட்டன் இருக்குதுங்க. அதுல ஒன்னு டேர் பட்டன். வெறும் டப்பாவை மேல வெச்சு அதை அமுத்துனா டப்பா எடை சைபர் ஆயிரும். அப்பறம் பலகாரத்தைப் போட்டா பலகாரத்தை மட்டும் காட்டும். இந்தத் தராசு வாங்கி ஆறு வருசம் ஆச்சு. வாங்குன அன்னிக்கே அதுக்கு மேல புள்ளயாரை ஒட்டிப்போட்டேன். வேலைக்கு நிக்கற புள்ளைக தெரியாத்தனமா அமுத்திருமில்லீங்க. அதுக்குத்தான். பக்தியும் ஆச்சு.

இப்ப உள்ள போனா அந்தப் பொண்ணு, 'இதென்னங்க இங்கெ புள்ளயாரு'ன்னு கேக்கும். அதுனால ரெண்டே காலுக்குள்ள சொரண்டி எடுத்தர்லாம்னு பாத்தேன். வந்துருச்சு. தும்பிக்கை மட்டும் ஒட்டியிருக்குது. இருங்க... ம். வந்துருச்சுங்க.

அய்யோ. இதைப் பாருங்க தம்பி. மத்த நாலு பட்டனும் தேஞ்சு எழுத்தே அழிஞ்சு கெடக்குது. இது மட்டும் நேத்துக் கடையில இருந்து எடுத்தாந்த மாதிரி பளபளன்னு இருக்குது. ஒரு தடவை கூட அமுத்தாததுன்னு குருடனுக்குத் தெரியும். ஸ்டிக்கரோடயே விட்டிருக்கலாம். மறுபடி ஒட்ட முடியுங்களா? பசை போயிருச்சு. சோத்துப் பருக்கை ஏதாச்சும்...

கம்முனு இருங்க. அவ வர்றா. இக்கட்டாலதான் வர்றா. தூக்குப்போசியைக் கழுவிக்கிட்டு, முந்தானையில கை தொடச்சுக்கிட்டு... என்னைய என்ன கேக்கப் போறாளோ. நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க தம்பி, ஒக்காருங்க.

வா மயிலாத்தா. ஆச்சு அம்மணி, நான் அப்பவே சாப்ட்டாச்சு. புள்ள எப்படி இருக்குது? ம்... ம்... அட, அதுக்கெதுக்கு நீ... சேரி. சேரி அம்மணி. போ, வெயில்ல நிக்காத.

கேட்டீங்களா தம்பி? அவ மெதுவாப் பேசுனா, உங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ. என்ன சொன்னா தெரியுங்களா? 'அந்த வக்கீலம்மா உங்களை டப்பா எடை பத்திக் கேட்டுத் தொந்தரவு பண்ணோணும்னு சொல்லுச்சுங்ணா. நான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நாச்சிமுத்தண்ணன் கடையில நான் கலியாணமாகி வந்ததுல இருந்து வாங்கறேன், அவுங்க எடை தப்பாது, கழிச்சேன்னு சொன்னாக் கழிச்சுத்தான் இருப்பாங்க, நான் தெரியாம வெச்சிருந்தேன்கறதை மட்டும் நீங்க சொல்லுங்கம்மா, அதுக்காக இன்னொருத்தரு பேரைக் கெடுக்க வேண்டாம்னேன். அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டு, உங்க கேசு உங்க இஷ்டம்னுட்டாங்க'. இதைச் சொல்லிப்போட்டு, 'என்னாலதான் உங்க டப்பா பேப்பர்ல வந்துச்சு, மன்னிச்சுக்கங்ணா'ன்னு வேற சொல்றா.

தப்பிச்சேன்னு வைங்க. இனி யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டே காலுக்குப் போயி, 'குறுக்கு விசாரணை இல்லை'ன்னு அந்தப் பொண்ணு சொல்லும், நான் கையெழுத்துப் போட்டுட்டு நாலு மணி பஸ்ஸைப் புடிச்சர்லாம். ரங்கசாமி மூஞ்சி செத்துப்போகும். நல்லதுதானுங்களே. நல்லதுதான்.

ஆனா அவ சொன்னதுல ஒன்னுங்க.

கலியாணமாகி வந்ததுல இருந்துன்னா... கடை ஆரம்பிச்ச மொத தீவாளியில இருந்து அவ வாங்கறா. வருசம் ஒரு கிலோ ஜாங்கிரி. வருசா வருசம், 'ஒரு கிலோங்ணா'ன்னு வருவா. நான் டப்பாவைத் தூக்கி வெச்சு, ரொப்பி, கயிறு கட்டிக் குடுப்பேன். அவ ஒரு நாளும் தராசைப் பாத்ததில்லை. என்ற மூஞ்சியத்தான் பாப்பா.

ஒரு கிலோ நாப்பத்தஞ்சுல நூத்திப்பத்துப் போனா எவ்வளவுங்க? நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியாமலா, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இதே கணக்குதான் என்ற பொழப்பு. இந்த ஒன்னரை வருசத்துல அதை மட்டும் நான் கழிச்சுப் பாக்கலீங்க. சத்தியமா. மனசுல வந்தா வேற எதையாச்சும் நெனச்சுக்குவேன், அந்தப் போட்டோவை நெனச்சுக்குவேன். காலையில கெளம்பறப்ப என்ற சம்சாரம்கூட, 'மாமா, அந்த டப்பா எடையைக் கழிச்சா எவ்வளவுங்க வரும்'னு கேட்டா. கம்முனு இருடின்னு கத்திப்போட்டு வந்தேன்.

தொள்ளாயிரத்தி முப்பத்தஞ்சு.

கிலோவுக்கு அறுவத்தஞ்சு கொறைவு. அவ சின்னக் கேசுங்க. அன்னிக்கே சின்னக் கேசு. அவ பத்து வருசத்துக்குப் போறது என்ற அட்டைக்கு. நான் ரெட்டையா வெக்கச் சொன்ன அட்டைக்கு.

மணி என்னங்க? அங்கெ டவாலி வெளிய வந்துட்டாரு. ஜட்ஜய்யா ஒக்காந்துட்டாரு போல. கேட்டாச் சொல்லிப்போடுவேனுங்க. நெசமாத்தான். அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டாப் போதும், கொட்டிருவேன். ஆனா இவதான் கேக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாளே! கேக்காம நான் எப்படிங்க சொல்றது? கேக்காததுக்குப் பதில் சொல்றது...

காலையில மட்டும் யாரு கேட்டாங்க?

கேக்குதுங்களா? 'சாட்சி நாச்சிமுத்து'ங்கறாங்க. என்ற பேருதான். மூணு தடவை கூப்படுவாங்க. ரங்கசாமி அதோ படியேறிப் போறான், மொத ஆளா. போகட்டும். நல்லா முன்னால ஒக்காந்து கேக்கட்டும்.

தம்பி, அந்த டப்பாவை இப்படிக் குடுங்க. இல்லீங்க, பலகாரம் உங்களுக்குத்தான், அந்தப் பேப்பர்ல கொட்டிக்கங்க. நல்லாத் தட்டுங்க, மூலையில தூளு நிக்கும். நெய் காயிதத்தையும் எடுத்துருங்க. ஆங், அப்படித்தான். வெறும் டப்பா போதும் எனக்கு. தராசு மேல வெச்சுக் காட்டோணும்.